வேலை போன தேதியை யார் எழுதுவது?

ஒப்பந்ததாரர் தன்னிடம் வேலை பார்ப்பவர்களின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்கை மாதாமாதம் இணையத்தில் ஏற்றுகிறார். பெயர், காப்பீட்டு எண், அந்த மாதம் சம்பளம் கொடுத்த நாட்கள், சம்பளத் தொகை. யாருக்காவது நாட்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் ஏன் என்று இணையதளம் கேட்கும். பதில் சொல்ல எண்கள் இருக்கின்றன. 1 என்றால் விடுப்பு. 2 என்றால் வேலையை விட்டுவிட்டார். 3 ஓய்வு. 10 ஆட்குறைப்பு. 11 வேலை இல்லை. பட்டியல் 13 வரை போகிறது. 'காரணம் ஏதுமில்லை' என்பதற்கும் ஒரு எண் உண்டு. அது பூஜ்யம்.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து மில் வேனில் வேலைக்குப் போய்வந்த ஒரு பெண்ணை, "கான்ட்ராக்ட் மாறிருச்சு, இனிமே வர வேண்டாம்" என்று சொல்லி நிறுத்தினால், அடுத்த மூன்று மாதம் அவர் வீட்டுக்கு அரசின் வேலையின்மை உதவித்தொகை வருமா வராதா என்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பவர் ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர். 10-ஐயோ 11-ஐயோ போட்டால் பிறகு யாராவது கேள்வி கேட்கலாம். 2-ஐப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலையின்மை உதவித்தொகை உண்டா என்று கேட்டால், சட்டத்தில் பதில் தெளிவாக இருக்கிறது: உண்டு. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பாகுபாடு அதில் இல்லை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் இருவரும் ஒன்றுதான். ஆனால் அந்த உரிமையை நிரூபிக்கத் தேவையான ஒவ்வொரு காகிதமும் இன்னொருவர் கையில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் காகிதங்களைப் பற்றியது.

சாலையோர ஊரும் மில் வேனும்

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி செல்லும் சாலையில் உள்ள ஒன்றியத் தலைமையிடம் ரெட்டியார்சத்திரம். அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இங்கே இருக்கிறது. இந்திய–இஸ்ரேல் கூட்டு முயற்சியில் உருவான காய்கறி மகத்துவ மையமும் இங்கேதான். கோபிநாத சுவாமி மலைக்கு மாடு கன்று வைத்திருப்பவர்கள் நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். கன்னிவாடிப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம். ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கை, தக்காளி, கேரளாவுக்குப் போகும் காய்கறி லாரிகள். மழை ஏமாற்றிய ஆண்டுகளில் காட்டு வேலையை மட்டும் நம்பமுடியாத குடும்பங்கள் மில் வேனில் ஏறின. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில், வேடசந்தூர் தொடங்கி நிலக்கோட்டை வரை, நூற்பாலையோடு தொடர்பில்லாத கிராமத்தைத் தேடத்தான் வேண்டும்.

மில்லுக்குள் சைடு பார்ப்பது, டாஃபிங், பேக்கிங், பஞ்சுக் கழிவு அள்ளுவது என்று வேலைகள் பிரிந்திருப்பதுபோல ஆட்களும் பிரிந்திருக்கிறார்கள். நிரந்தரமானவர்கள் கொஞ்சம் பேர். வேனில் வந்துபோகும் உள்ளூர் ஒப்பந்த ஆட்கள் ஒருபக்கம். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் இன்னொருபக்கம். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, மூன்று ஆண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்று இளம்பெண்களைக் கூட்டிவந்த காலமும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. மூன்றாண்டு முடியும் முன் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பியவர்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போன கதைகள் இங்கே ஊருக்கு ஊர் கேட்கக் கிடைக்கும்.

நூல் வியாபாரம் சரியும்போது முதலில் நிற்பது ஒப்பந்த ஆட்கள்தான். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது. 2022 மே மாதம், 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. சிறு நூற்பாலைகள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தன. 2023 ஜூலையில், கட்டுப்படியாகாத நூல் விலையையும் மின்கட்டண உயர்வையும் காரணம் காட்டி சிறு, நடுத்தர மில்கள் மறுபடியும் உற்பத்தி நிறுத்தம் அறிவித்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. திருப்பூர் தும்மினால் அதற்கு நூல் கொடுக்கும் திண்டுக்கல்லுக்கும் காய்ச்சல் வரும். மூன்று ஷிப்ட் இரண்டாகும். வேன் ஒரு நடை குறையும். அந்த நடையில் போனவர்களுக்கு யாரும் நோட்டீஸ் கொடுப்பதில்லை. "கூப்பிடும்போது வாங்க" என்று மேஸ்திரி போனில் சொல்வதோடு சரி.

எந்தத் தேதியில் அவர்களுக்கு வேலை போனது? சட்டம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

சட்டம் என்ன கொடுக்கிறது

இந்தியாவில் வேலை போனவருக்குச் சமூகக் காப்பீட்டு வழியில் பணம் கொடுப்பது இ.எஸ்.ஐ. மட்டுமே. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது அது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு அது பொருந்தும். தொழிலாளியிடமிருந்து சம்பளத்தில் 0.75 சதவீதம், நிர்வாகத்திடமிருந்து 3.25 சதவீதம். 2019 ஜூலை முதல் இதுதான் கணக்கு.

வைத்தியம், பிரசவ உதவி, விபத்து இழப்பீடு என்று பல பலன்கள் இருந்தும் வேலையின்மைக்கென்று எதுவும் இல்லாமலேயே அந்தச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. 2005 ஏப்ரல் 1-இல் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா வந்தது. ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலை இழந்தவருக்கு அதில் உதவித்தொகை உண்டு. முதல் ஓராண்டுக்குச் சம்பளத்தில் பாதி, அடுத்த ஓராண்டுக்குக் கால்வாசி என்று அது பின்னர் விரிந்தது. நல்ல திட்டம். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி அதன் வாசலிலேயே நின்றுவிடுகிறார். காரணம் 'ஆட்குறைப்பு' என்ற சொல்லுக்குச் சட்டம் வைத்திருக்கும் வேலி. ஒப்பந்தக் காலம் முடிந்து அது புதுப்பிக்கப்படாமல் போனால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984-இல் தொழில் தகராறு சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த புதிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்த வேலி அப்படியே இருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை 45 நாட்களுக்குள் கொடுக்க மறுதிறன் நிதி ஒன்றை அந்தத் தொகுப்பு கொண்டுவந்திருக்கிறது. அதைப் பெறவும் ஆட்குறைப்பு என்ற சொல் வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு உண்மையில் பயன்படக்கூடியது 2018 ஜூலை 1-இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. இதில் ஆலை மூடியதா, ஆட்குறைப்பா என்ற கேள்வி இல்லை. வேலை இல்லை என்றால் போதும். தொடக்கத்தில் சராசரி தினசரி வருமானத்தில் 25 சதவீதம்தான் கொடுத்தார்கள். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, 90 நாளுக்கு. 2020 மார்ச் 24 முதல் அதை 50 சதவீதமாக்கினார்கள். வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்கலாம் என்றிருந்ததை 30 நாளாகக் குறைத்தார்கள். நிர்வாகம் வழியாகத்தான் விண்ணப்பம் வரவேண்டும் என்பதை நீக்கி, தொழிலாளியே நேரடியாகக் கிளை அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். இந்தத் தளர்வுகள் பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டன. இ.எஸ்.ஐ. வரலாற்றில் தொழிலாளியை நம்பிச் செய்த நல்ல மாற்றங்களில் இவற்றைச் சேர்க்கலாம்.

இனி தகுதி. வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் காப்பீடு உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. ஓர் ஆண்டை இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிக்கிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் இன்னொரு 78 நாள். ஒழுங்கு நடவடிக்கையால் வெளியேற்றப்பட்டிருக்கக் கூடாது, ஓய்வு பெற்றிருக்கக் கூடாது, தானாக வேலையைக் கைவிட்டிருக்கக் கூடாது.

படிக்கும்போது எளிதான நிபந்தனைகள். மாதம் 13 நாள் என்றால் ஆறு மாதத்தில் 78 வந்துவிடும். இவற்றை ஒரு வாழ்க்கையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தின் ஏதோ ஒரு கிராமத்துப் பெண் என்று வைத்துக்கொள்வோம். தினக்கூலி 450 ரூபாய், மாதம் 26 நாள் வேலை, 11,700 ரூபாய் சம்பளம். அவரிடம் மாதம் 88 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். நிர்வாகப் பங்கு 380 ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டு ஆண்டு இடைவிடாமல் வேலை பார்த்தால் அவர் பெயரில் இ.எஸ்.ஐ. கழகத்துக்குப் போகும் பணம் 11,200 ரூபாயைத் தாண்டும்.

இனி உதவித்தொகை. சராசரி தினசரி வருமானத்தைக் கண்டுபிடிக்க நான்கு பங்களிப்புக் காலங்களின் மொத்தச் சம்பளத்தை 730 நாளால் வகுக்கிறார்கள். வேலை பார்த்த நாட்களால் வகுப்பதில்லை. இரண்டு ஆண்டில் 2,80,800 ரூபாய் வாங்கிய பெண்ணுக்குச் சராசரி 384 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். அதில் பாதி 192. தொண்ணூறு நாளுக்கு 17,300 ரூபாய். மகளிர் குழுக் கடனில் மூன்று தவணை, ரேஷன் போக மளிகை, பிள்ளையின் பஸ் காசு ஆகியவற்றை ஓரளவு தாங்கும் தொகை அது.

ஆனால் இரண்டு ஆண்டு இடைவிடாமல் வேலை கொடுக்கும் ஒப்பந்ததாரர் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காணமுடியாத சட்டம். அதிலிருந்து தப்பிக்கவே பல இடங்களில் ஆட்களைச் சில மாதம் உட்காரவைத்து மறுபடி எடுக்கிறார்கள். அப்படி 24 மாதத்தில் 14 மாதம் மட்டும் வேலை கிடைத்த பெண்ணின் மொத்தச் சம்பளம் 1,63,800. அதையும் 730-ஆல்தான் வகுக்கிறார்கள். சராசரி 224 ரூபாய். பாதி 112. தொண்ணூறு நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இவரும் தினம் 450 ரூபாய் வாங்கியவர்தான். நிரந்தரமாவதைத் தடுக்கப் போட்ட இடைவெளி, வேலை போன பிறகு உதவித்தொகையிலும் ஏழாயிரத்தை எடுத்துக்கொள்கிறது. அடிக்கடி வேலை இழப்பவருக்குக் குறைவாகக் கொடுக்கும் இந்த வகுத்தல், வேலையின்மைக் காப்பீட்டின் நோக்கத்துக்கே எதிரானது என்று நினைக்கிறேன்.

இது தொகை பற்றிய பேச்சு. தகுதி அதற்கு முன்பே உடைந்துவிடலாம். கடைசிப் பங்களிப்புக் காலத்தில் அவர் சரியாக மூன்று மாதம், மாதம் 26 நாள் வேலை பார்த்தார் என்றால் 78 நாள். ஒரு மாதக் கணக்கில் ஒப்பந்ததாரர் 25 என்று எழுதிவிட்டால் 77. உதவித்தொகை இல்லை. சம்பளத்தை 26 நாளுக்குக் கொடுத்துவிட்டு, சந்தாவை மிச்சம் பிடிக்கக் கணக்கில் 12 நாள், 15 நாள் என்று காட்டும் பழக்கமும் ஒப்பந்த வேலையில் புதிதல்ல. மாதம் 12 நாள் என்று காட்டினால் ஆறு மாதமும் உழைத்தவருக்கு 72 நாள்தான் இருக்கும்.

இன்னொன்று காப்பீட்டு எண். ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே எண் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய எண்ணைக் கேட்டு வாங்க நேரமில்லாமலோ, மனமில்லாமலோ புதிய எண் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கணினியைப் பொறுத்தவரை அவர் நேற்று வேலைக்கு வந்தவர். முந்தைய ஆண்டுகளின் சந்தா வேறொரு எண்ணில் கிடக்கும். இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதற்குச் சான்று அந்தக் காரணப் பட்டியலிலேயே இருக்கிறது. 13-ஆம் எண் 'இரட்டைப் பதிவு'.

மற்ற கதவுகள்

இ.எஸ்.ஐ. கிடைக்காவிட்டால் வேறென்ன? தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை 2006 முதல் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. வயது 40-க்குள், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவருக்கு 300, பன்னிரண்டு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்றாண்டு வரை. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவரை மனதில் வைத்து வந்த திட்டம் அது. வேலை பார்த்துக்கொண்டிருந்து அதை இழந்தவரை அது கணக்கில் எடுக்கவில்லை.

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால்வாசியும் பிறகு பாதியும் மாநில அரசு தரவேண்டும் என்று எழுதினார்கள். வேலை கேட்ட தேதிக்கு ரசீது கொடுத்தால்தான் அந்த 15 நாள் ஓடத் தொடங்கும். வாய்மொழியாகக் கேட்டவருக்கு ரசீது ஏது? இங்கும் தேதி இன்னொருவர் கையில்தான்.

இ.எஸ்.ஐ.க்கே வெளியே நிற்பவர்களும் இந்தச் சமவெளியில் நிறையப் பேர். பருத்தி அரவை, நிலக்கடலை உடைப்பு, வெல்லம், சர்க்கரை, காபி, தேயிலை ஆகியவற்றைப் 'பருவகால ஆலை' என்று சொல்லிச் சட்டமே விலக்கிவைத்திருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குபவர்கள் நலவாரியத்துக்குப் போகலாம். அங்கே கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் உண்டு. வேலை இல்லாத மாதத்துக்கென்று உதவித்தொகை கிடையாது. இப்படி எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்போது வேலை போனவர்கள் பி.எஃப். பணத்தைத்தான் எடுக்கிறார்கள். முதுமைக்குச் சேர்த்த பணம் முப்பது வயதிலேயே கரைகிறது.

கடலோரத்தில் எப்படிச் செய்கிறார்கள்

தமிழ்நாட்டு அரசுக்கு வேலையில்லாக் காலத்தில் பணம் கொடுக்கத் தெரியாமல் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்கு மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணம் இப்போது 8,000. தூத்துக்குடி போன்ற மாவட்டங்களின் உப்பளத் தொழிலாளர்களுக்கு, மழைக்காலத்தில் பாத்தி நீரில் மூழ்கி வேலை இல்லாதபோது 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022 முதல் நடக்கிறது. இந்த இரண்டிலும், "உன்னை வேலையிலிருந்து நிறுத்தியதற்கு உன் முதலாளியிடம் எழுதி வாங்கிவா" என்று யாரும் கேட்பதில்லை. விசைப்படகில் பங்குக்குப் போகும் ஆள் படகு உரிமையாளரைத் தேடிப்போக வேண்டியதில்லை. வேலை எப்போது நின்றது என்பது அரசுக்கே தெரியும்.

மில் தொழிலாளி விஷயத்திலும் அரசுக்குத் தெரியும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரு காப்பீட்டு எண்ணுக்கு மாதாமாதம் வந்த சந்தா ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நாட்டில் வேறெந்த நிர்வாகமும் அந்த எண்ணுக்குச் சந்தா கட்டவில்லை. இ.எஸ்.ஐ. கழகத்தின் கணினியில் இந்தச் செய்தி ஏற்கெனவே இருக்கிறது. மூன்று கோடிக்கு மேற்பட்ட காப்பீட்டாளர்களின் கணக்கை வைத்திருக்கும் கழகம், சந்தா நின்ற எண்ணுக்கு முப்பதாவது நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம்: உங்கள் வேலை நின்றதாகத் தெரிகிறது, உதவித்தொகை வேண்டுமா? இதற்குப் புதிய சட்டமோ புதிய கணினியோ தேவையில்லை.

நூறாண்டுக்கு முன்னாலேயே இதற்கு வழி கண்டவர்கள் உண்டு. பிரிட்டனில் 1911-இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது வேலையின்மைக் காப்பீட்டை எல்லாத் தொழிலுக்கும் கொடுக்கவில்லை. கட்டடம், கப்பல் கட்டுமானம், பொறியியல் போன்ற சில தொழில்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அவை இன்று வேலை உண்டு நாளை இல்லை என்ற தொழில்கள். அங்கேதான் அது முதலில் தேவை என்று கருதினார்கள். வாரம் ஏழு ஷில்லிங், பதினைந்து வாரம் வரை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு புத்தகம். வேலையில் இருக்கும்வரை அது முதலாளியிடம் இருக்கும், சந்தா வில்லைகளை அவர் அதில் ஒட்டவேண்டும். வேலை போனால் புத்தகத்தைத் தொழிலாளி கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் அதை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வைத்தால் உரிமை தொடங்கிவிடும். வேலை போனதற்கு அத்தாட்சி அந்தப் புத்தகமே. நாம் பருவகால ஆலைகளை விலக்கினோம்; அவர்கள் நிலையில்லாத தொழில்களிலிருந்து தொடங்கினார்கள்.

பொறுப்பு மில்லுக்கு

ஒப்பந்தத் தொழிலாளி கையில் வலுவான ஓர் ஆயுதம் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. இ.எஸ்.ஐ. பற்றிய சட்டம் சொல்வது இது: ஒருவரை நேரடியாக வைத்திருந்தாலும் ஒப்பந்ததாரர் மூலம் வைத்திருந்தாலும் சந்தாவை முதலில் கட்டவேண்டியது முதன்மை வேலையளிப்பவர், அதாவது மில். கட்டிய பணத்தை மில் பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள அதே சட்டம் வழிசெய்கிறது. ஒப்பந்ததாரர் பிடித்த பணத்தைக் கட்டாமல் ஓடிவிட்டார் என்று மில் கைவிரிக்க முடியாது. அடல் திட்டத்தின் நிபந்தனையிலும் சந்தா 'கட்டப்பட்டிருக்க வேண்டும் அல்லது கட்டப்பட வேண்டியதாக இருக்க வேண்டும்' என்றுதான் இருக்கிறது. ஒப்பந்ததாரர் கட்டாமல் விட்டதற்காகத் தொழிலாளியின் உரிமை போய்விடக் கூடாது என்பதே அந்த இரண்டாவது பாதியின் பொருள். ஆனால் நடைமுறையில் கணினியில் தெரிகிற நாட்களைத்தான் பார்க்கிறார்கள். 'கட்டப்பட வேண்டியது' என்பதை எழுப்ப ஒருவர் சம்பளச் சீட்டோ, வருகை அட்டையோ, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவோ காட்டி எழுத்தில் முறையிட வேண்டும்.

சந்தாவுக்கு மில்லைப் பொறுப்பாக்கிய சட்டம், வேலை நின்ற தேதிக்கும் காரணத்துக்கும் அதையே பொறுப்பாக்க வேண்டும். ஒப்பந்ததாரர் எந்தக் காரண எண்ணைப் போட்டாலும் அந்த எண் தொழிலாளியின் கைபேசிக்குப் போகவேண்டும். அவர் மறுத்தால், அவர் தானாக விட்டார் என்று நிரூபிக்கும் சுமை மில்லின் மேல் இருக்கவேண்டும். வாழ்நாளில் ஒருமுறை என்ற வரம்பு, 2020-லும் 2022-லும் 2023-லும் வேலை இழந்த ஒருவரிடம் எந்த ஆண்டுப் பட்டினிக்கு உதவி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அந்த வரம்பு போகவேண்டும். 730-ஆல் வகுப்பதும் போகவேண்டும். இவற்றைச் செய்யவேண்டியது இ.எஸ்.ஐ. கழகத்தின் நிர்வாகக் குழு. அதில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கும் இடம் இருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இது கைக்கெட்டாத கனவல்ல. 2022 ஏப்ரலில், வேடசந்தூர் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தொழிலாளி கொலையுண்டதைத் தொடர்ந்து, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், வெளிநாட்டு ஆடை நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் பேசும் உடன்பாட்டை எழுதின. பாலின வன்முறையைத் தடுக்க வந்த ஒப்பந்தம் அது. பெரும்பாலும் தலித் பெண்கள் நடத்திய சங்கம், நிறுவனங்களை எழுத்தில் கட்டிப்போட்டது. வேலை நின்ற தேதியையும் அப்படி எழுத்தில் வாங்க முடியும்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது

வேலையில் இருக்கும்போதே காப்பீட்டு எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை வைத்து இ.எஸ்.ஐ. இணையதளத்தின் காப்பீட்டாளர் பக்கத்திலோ உமங் செயலியிலோ மாதாமாதம் எத்தனை நாள் பதிந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை. பதிவில் நாள் குறைவாக இருந்தால், வேலையில் இருக்கும்போதே கேட்டால்தான் மாறும். புதிய ஒப்பந்ததாரர் வந்தால் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு எண் இருந்தால் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இணைக்கச் சொல்ல வேண்டும். ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும்.

வேலை நின்றதும், மேஸ்திரி போனில் சொன்னதை அப்படியே விடாமல், "எந்தத் தேதியிலிருந்து வேலை இல்லை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பிக் கேட்டுவைக்க வேண்டும். பதில் வராவிட்டாலும் கேட்ட தேதி இருக்கும். முப்பது நாள் கழிந்ததும் இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஆதார் நகல், வங்கிப் புத்தக நகலோடு திண்டுக்கல்லில் உள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. நாள் குறைகிறது என்றோ, தானாக விட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றோ மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேட்க வேண்டும். அதை வைத்து மேல் அலுவலகத்துக்கும், அங்கும் தீராவிட்டால் இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்த மனுவில் ஒப்பந்ததாரரின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. அவர் பெயர்ப்பலகை அதற்குள் மாறியிருக்கலாம். முதன்மை வேலையளிப்பவர் என்ற இடத்தில் மில்லின் பெயரையும் எழுத வேண்டும்.